பாளை ஒரு நாளும் பொறுக்காது

பொழுதும் தொழிலும் – 14

வேதாரண்யம் உப்பளத்தில் ஐப்பசி மழை பாத்திகளை மூழ்கடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் சுவடிக்கு ஓலை தேர்ந்த கதையைச் சொல்வதாக இருந்தேன். அதற்காகத்தான் உடன்குடிப் பக்கம் போனேன். போன இடத்தில் பனம்பாளை பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

பனங்காட்டில் வேலை தையில் தொடங்குகிறது. முதலில் மரம் ஏற வழிசெய்ய, பழைய மட்டைகளைக் கழிப்பார்கள். கழித்த ஓலையிலேயே விடிலி வேய்வார்கள். பதநீர் காய்ச்சும் குடிசைக்கு அங்கே அதுதான் பேர். பருவம் முடியும்வரை குடும்பமே அதில்தான் இருக்கும். மாசி வாக்கில் ஆண் பனை முந்திக்கொண்டு பாளை விடும். பெண் பனை பின்னால் வரும். ஒரு பனை ஆணா பெண்ணா என்பது முதல் பாளை வரும்வரை யாருக்கும் தெரியாது. நட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ காத்திருந்துதான் அறிய வேண்டும். நட்டவர் பலர் அறியாமலே போயிருப்பார்கள்.

பாளை விட்டதும் பதநீர் சுரந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது அப்படிச் சுரப்பதில்லை. கடிப்பு என்று இரண்டு கட்டைகளைச் சேர்த்த இடுக்கி ஒன்று உண்டு. அதைக்கொண்டு பாளையை இதமாக நசுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பாளை கருகும், குறைந்தால் சுரக்காது. ஆண் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண் பாளைக்கு வேறொன்று. பிறகு விரல் விரலாக நிற்கும் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, நுனியைச் சீவ வேண்டும். சில நாள் இப்படிப் பழக்கிய பிறகுதான் முதல் சொட்டு விழும். சீவுகிற அருவாள் மயிர் மழிக்கும் அளவுக்குத் தீட்டப்பட்டது. கீழே விழுந்த ஒரு சீவலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவியது. அவ்வளவு மெல்லிசாகச் சீவினால்தான் ஒரு பாளை பருவம் முழுக்கத் தாங்கும்.

இந்தச் சீவலைக் காலையும் மாலையும் செய்தாக வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுவிடும். "நல்லது கெட்டதுன்னாலும் பாளையச் சீவிட்டுத்தான் தம்பி போவணும். ஒரு நாள் வுட்டா அடைச்சுக்கிடும். பெறவு அத வழிக்குக் கொண்டாரது லேசுப்பட்ட காரியமா?" என்றார், ஏறுவதற்கான முருக்குத்தடியை மரத்தில் சாய்த்துக்கொண்டே ஒரு பெரியவர். "அப்போ காய்ச்சல் வந்தா, அண்ணாச்சி?" என்றேன். "மச்சினன் ஏறுவான். அவனுக்குக் காய்ச்சல்னா நான் ஏறுவேன்" என்று தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டார்.

வீடு திரும்பியும் அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மரம் பிடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். இருவேளைக்கு 80 ஏற்றம். மரம் 60 அடி என்றால் ஒரு நாளைக்கு 4,800 அடி மேலே, அதே அளவு கீழே. தொட்டபெட்டா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,650 அடி. இரண்டே நாளில் அந்த உயரத்தைத் தாண்டிவிடுகிறார். இடுப்பில் அருவாப்பெட்டி, இறங்கும்போது பதநீரின் கனம் வேறு. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று இந்தத் தொடரில் நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஓய்வும் நிதானமும் அதன் ஒரு பாதிதான். பருவம் கூப்பிடும்போது போய் நிற்க வேண்டும் என்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் சுமப்பவர்களுக்கு நாம் கருப்பட்டிக்குப் பேரம் பேசாமல் காசு கொடுப்பதே முதல் மரியாதை.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். அது பதநீரைப் புளிக்கவிடாது. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், அந்த வெள்ளைப் பூச்சு சட்டத்துக்கும் சேர்த்துத்தான். சுண்ணாம்பு இருந்தாலும் அதிக நேரம் வைத்திருக்க முடியாது, அன்றன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். மரத்தில் ஆண்கள் படும் பாடு கண்ணில் படுகிறது. விடிலிக்குள் பெண்கள் படும் பாட்டைப் பலரும் எழுதுவதில்லை. பங்குனி வெயிலில் ஓலைக்கூரைக்குக் கீழே, எரிகிற அடுப்பின் முன் மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். நுரை பொங்கி வழியப் போகும் நேரத்தில் ஒரு அக்கா நசுக்கிய ஆமணக்கு விதையைத் துளி போட்டார். நுரை அப்படியே அடங்கியது. பிறகு பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் உருட்டினார். எனக்கு இரண்டு உருண்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்தது. பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த விரல் இருக்கிறது.

கற்கண்டுக்கு வழி வேறு. பாகை இளக்கமாகவே இறக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றிப் புதைத்துவிடுவார்கள். 40 நாள் வாக்கில் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைந்திருக்கும், நடுவில் பானையை அசைக்கவே கூடாது. ஒரே மரத்துச் சாறு, ஒன்றுக்கு இடைவிடாத கை வேண்டும், இன்னொன்றுக்குக் கையே படக்கூடாது.

ஆடியோடு பாளை ஓய்கிறது. பழம் விழத் தொடங்கும். கொட்டைகளை மணலில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. ஐப்பசி ஈரத்தில் கருப்பட்டி கசியும் என்பதால் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும்படி அடுக்கி வைப்பது பழைய வழக்கம். இருமலுக்கு மருந்தாகப் பழைய கருப்பட்டிதான் வேண்டும் என்று தேடுவோர் இன்றும் உண்டு.

ஓலைக்கு இடமில்லாமல் போனது. தையில் கழிக்கும் மட்டையெல்லாம் விடிலிக்கு ஆகும், எழுதுவதற்கு ஆகாது. அதற்கு மிக இளசும் கூடாது, முற்றியதும் கூடாது. வெட்டிய ஓலையை எப்படி வேக வைத்தார்கள், மஞ்சள் எதற்கு, எழுத்தாணிக்குப் பின் கரியை ஏன் தேய்த்தார்கள் என்பதெல்லாம் அடுத்த வாரம்.