இளஞ்சூட்டில் வெங்காய ஊறல்

விளைவிப்பது உழவில் ஒரு பாதி. விளைந்ததை வீணாகாமல் காப்பது மறு பாதி. சின்ன வெங்காயம் பயிரிடும் குடியானவர்கள் இவ்வுண்மையை அனுபவத்தில் அறிந்தவர்கள். பெரம்பலூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, நாமக்கல், திருப்பூர் ஆகிய மாவட்டங்களில் இப்பயிர் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கிறது. சுமார் 70 நாட்களில் கிழங்கு முதிர்கிறது. ஒரே பருவத்தில் நட்டவர்கள் ஒரே சமயத்தில் அறுவடை செய்வதால் சந்தையில் வரத்துப் பெருகி விலை சரிகிறது. நன்கு உலர்த்திப் பட்டறை போட்டு வைத்தாலும், ஈரக்காற்று அடித்தால் அழுகலும் முளைப்பும் தொடங்கிவிடுகின்றன. மிகச் சிறிய காய்களை வியாபாரிகள் ஒதுக்கிவிடுகின்றனர். அல்லது அடிமாட்டு விலைக்குக் கேட்கின்றனர்.

இவ்வாறு ஒதுக்கப்படும் சிறு காய்களே ஊறல் போடுவதற்கு மிகவும் ஏற்றவை. இக்கட்டுரையில் விளக்கப்படும் முறை எளியது. ஒரு பிற்பகலில் முடிவது. வீட்டு அடுப்பிலேயே செய்யத்தக்கது. ஆயினும் சுத்தத்திலும் அளவிலும் கண்டிப்பு தேவை. அதற்கான காரணங்களையும் அறிந்துகொண்டு செய்தல் நலம்.

இளஞ்சூட்டு முறை என்பது யாது?

காய்கறியைக் கொதிக்கும் நீரில் வேகவைப்பது நாம் அறிந்த வழக்கம். அவ்வாறின்றி, உணவுப் பொருளைக் காற்றில்லாத பையிலோ மூடிய புட்டியிலோ அடைத்து, கொதிநிலைக்கு வெகுவாகக் குறைந்த ஒரே சீரான சூட்டில், நீரில் நெடுநேரம் வைத்திருப்பது மற்றொரு வழி. பிரெஞ்சு நாட்டில் இதனைச் 'சூ வீட்' என்று அழைக்கின்றனர். 'வெற்றிடத்தின் கீழ்' என்பது அச்சொல்லின் பொருள். 1974-ம் ஆண்டில் ஜார்ஜ் ப்ராலுஸ் என்ற சமையற்கலைஞர், ரோவான் என்னும் ஊரில் உள்ள புகழ்பெற்ற உணவு விடுதி ஒன்றிற்காக இம்முறையை உருவாக்கினார். கொழுத்த வாத்தின் ஈரலைச் சமைக்கும்போது அது உருகிச் சுருங்கி எடை குறைவதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். இன்று உலகின் பல நாடுகளில் விடுதிகளிலும் வீடுகளிலும் இது கையாளப்படுகிறது. நீரைச் சூடாக்கி, சுழலச் செய்து, குறித்த சூட்டில் தானே நிறுத்தி வைக்கும் சிறு மின்சாரக் கருவிகளும் இதற்கென விற்கப்படுகின்றன.

வெங்காய ஊறலுக்கு இக்கருவி இன்றியமையாததன்று. புட்டிக்குள் வெங்காயத்தைச் சூழ்ந்து நிற்கும் ஊறல் நீரே காற்றை வெளியேற்றிவிடுகிறது. ஆகவே காற்றுறிஞ்சும் இயந்திரமும் வேண்டுவதில்லை. ஓர் உஷ்ணமானியும் கவனமும் இருந்தால் போதும்.

கொதிக்க வைத்தால் என்ன குறை?

வெங்காயத்தின் ஏடுகளை விறைப்பாக வைத்திருப்பது அதன் உயிரணுச் சுவர்களை ஒட்டிப் பிடிக்கும் 'பெக்டின்' என்ற பொருளாகும். சூடு 85 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது இப்பசை விரைவாகக் கரையத் தொடங்குகிறது. கொதிநீரில் நெடுநேரம் கிடந்த வெங்காயம் குழைந்து, ஏடு ஏடாகக் கழன்று, கடிப்பதற்குச் சாரமற்றுப் போவது இதனால்தான். மாறாக, சூடே காட்டாமல் ஊறப்போட்டால் முழு வெங்காயத்தின் நடுப்பகுதி வரை புளிப்பு இறங்குவதற்குப் பல நாட்கள் பிடிக்கும்.

60 டிகிரி அளவில் வைத்தால் இவ்விரு குறைகளும் நீங்குகின்றன. பெக்டின் பெரும்பாலும் கரையாமல் நிற்பதால் மொறுமொறுப்புக் கெடுவதில்லை. அதே சமயம் உயிரணுக்களின் மெல்லிய சவ்வுகள் தளர்ந்து, உப்பும் புளிப்பும் உள்ளே செல்ல வழிவிடுகின்றன. பச்சை வெங்காயத்தின் கடுங்காரமும் தணிகிறது. அடுத்த நாளே உண்பதற்கு ஏற்ற பக்குவம் வந்துவிடுகிறது. வெங்காயத்தின் சிவப்பு நிறம் புளிப்பில் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறுவதும் இயல்பே. அது நாம் சேர்த்த சாயமன்று.

காடியே காவல்

இம்முறையில் முதன்மையான பொருள் வினிகர் எனப்படும் காடியாகும். அது சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. மண்ணில் வாழும் 'கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்' என்ற கிருமியின் வித்துகள் மண்ணுக்குள் விளையும் காய்கறிகளில் ஒட்டியிருக்கக்கூடும். சாதாரணக் கொதிநீரில் இவ்வித்துகள் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பற்ற, ஈரமான இடம் கிடைத்தால் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்குகின்றன. நஞ்சேறிய உணவின் மணத்திலோ சுவையிலோ மாறுதல் தெரியாமலும் இருக்கலாம்.

1983-ம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பியோரியா நகரில், ஓர் உணவு விடுதியில் வதக்கிய வெங்காயத்தை உண்ட 28 பேர் இந்நஞ்சினால் தாக்குண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தைக் குளிர்ப்படுத்தாமல் வைத்திருந்ததே அங்கு நேர்ந்த தவறு. கொழுப்புக் காற்றை மறைத்தது, புளிப்பு இல்லை, வெதுவெதுப்பு நிலவியது. கிருமி வளர்வதற்கு வேண்டிய யாவும் அங்கே ஒன்று கூடின.

புளிப்பின் அளவைப் 'பி.எச்.' என்ற எண்ணால் குறிப்பர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். வெங்காயத்தின் பி.எச். 5-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. 4.6 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மேற்சொன்ன கிருமி வளர முடியாது. ஆகவே வெங்காயத்தின் எடைக்குச் சற்றேறக்குறையச் சமமான அளவு காடியை, நீர் கலக்காமல், ஊற்ற வேண்டும். புளிப்பு மிகுதி என்று கருதிக் காடியைக் குறைத்து நீரைக் கூட்டுதல் கூடாது. வேண்டுமாயின் சர்க்கரையைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். காடி சேராத வெங்காயத்தைக் காற்றுப் புகாத பையில் அடைத்து இளஞ்சூட்டில் வைத்துச் சேமிக்க எவரும் முயலலாகாது.

கடையில் காடி வாங்கும்போது சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அசெட்டிக் அமிலம் 4 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 சதவீதம் உள்ளது கிடைத்தால் சிறப்பு. அளவு குறிப்பிடப்படாத காடியை இதற்கு உபயோகிக்கலாகாது. வீட்டில் புளிக்கவைத்த காடியின் வீரியம் தெரியாதாகையால் அதுவும் ஏற்றதன்று.

வேண்டிய பொருள்கள்

தோல் நீக்கிய சின்ன வெங்காயம் 500 கிராம். காடி 500 மில்லிலிட்டர். உப்பு 20 கிராம். சர்க்கரை 30 கிராம். மிளகு ஒரு தேக்கரண்டி. கடுகு ஒரு தேக்கரண்டி. காய்ந்த மிளகாய் 2. இவை அரை லிட்டர் கொள்ளும் 2 கண்ணாடிப் புட்டிகளுக்குப் போதுமானவை. எண்ணெய் சேர்க்க வேண்டாம்.

காடியைக் காய்ச்ச எவர்சில்வர் பாத்திரமே தக்கது. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும். புட்டிகள் கீறலோ விரிசலோ இல்லாதனவாக இருத்தல் வேண்டும்.

செய்முறை

1. அழுகல், முளை, கறுப்புப் பூசணம் உள்ள காய்களை அகற்றிவிட வேண்டும். ஊறல் என்பது கெட்டதை ஒளிக்கும் வழியன்று. நல்ல காய்களின் மேல் வெந்நீரை ஊற்றி இரண்டு நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் எளிதில் கழலும். வேர்ப்பகுதியை மேலாகச் சீவினால் போதும். ஆழமாக வெட்டினால் ஏடுகள் பிரிந்துவிடும்.

2. புட்டிகளையும் மூடிகளையும் சோப்பு நீரில் கழுவி, புட்டிகளைக் குளிர்ந்த நீரில் இட்டுக் கொதிக்கும் வரை காய்ச்சி, 10 நிமிடம் கொதிநீரில் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

3. காடியில் உப்பையும் சர்க்கரையையும் இட்டுக் கொதி வந்தவுடன் இறக்க வேண்டும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பு ஆவியாகி வீரியம் குறையும்.

4. வெதுவெதுப்பான புட்டிகளில் வெங்காயத்தையும் மிளகு, கடுகு, மிளகாய் ஆகியவற்றையும் நிரப்பி, சற்றே ஆறிய காடியை வெங்காயம் மூழ்குமாறு ஊற்ற வேண்டும். மேலே அரை அங்குல இடம் விட்டு, உள்ளிருக்கும் காற்றுக்குமிழிகளைச் சுத்தமான கரண்டிக் காம்பினால் வெளியேற்றி, விரல் முனையால் மட்டும் திருகி மூட வேண்டும்.

5. அகன்ற பாத்திரத்தின் அடியில் மடித்த துணியைப் பரப்பி அதன்மேல் புட்டிகளை நிறுத்தி, கழுத்துவரை வெதுவெதுப்பான நீர் ஊற்ற வேண்டும். துணி இல்லாவிடில் அடிச்சூடு பட்டுக் கண்ணாடி வெடிக்கக்கூடும். சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றி, உஷ்ணமானி 60 டிகிரி காட்டியதும் தீயைத் தணிக்க வேண்டும்.

6. நீரின் சூடு 58-க்கும் 62-க்கும் இடையே இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும். இதற்கு நம் கிராமங்களில் எளிய வழி உண்டு. வைக்கோலை அழுத்தி நிரப்பிய கூடை அல்லது பெட்டியில் பாத்திரத்தை மூடியுடன் வைத்து, மேலும் வைக்கோலாலும் சாக்காலும் போர்த்திவிட்டால் சூடு மெல்லவே தணியும். அரை மணிக்கு ஒரு முறை அளந்து பார்த்து, குறைந்திருப்பின் வெந்நீர் சிறிது சேர்த்துக் கலக்கினால் போதும். எரிபொருளும் மிச்சமாகும்.

7. பின்னர்ப் புட்டிகளை எடுத்து மூடியை நன்கு இறுக்கி, ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் முதல் உபயோகிக்கலாம். ஒரு மாதத்திற்குள் உண்டு முடிப்பது நலம்.

ஒவ்வொரு முறையும் உலர்ந்த, சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். மூடி உப்பினாலோ, நீர் குமிழியிட்டாலோ, பூசணம் படர்ந்தாலோ சுவைத்துப் பார்க்காமலே எறிந்துவிட வேண்டும்.

விற்பனைக்குச் செய்வோர் கவனிக்க

மேற்கூறியது வீட்டு உபயோகத்திற்கும் குளிர்ப்பெட்டியில் வைப்பதற்குமான முறையாகும். இளஞ்சூட்டில் செய்த புட்டியைக் கடை அலமாரியில் வெளிச்சூட்டில் மாதக்கணக்கில் வைத்து விற்கலாகாது. அதற்கு வேறு சூட்டளவும், ஆய்வுக்கூடப் பரிசோதனையும் அவசியம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதனை ஒரு தொழிலாக மேற்கொள்ள விரும்பினால், அருகிலுள்ள சிற்றுண்டி விடுதிகளுக்கு வாரந்தோறும் புதிதாகச் செய்து கொடுப்பது நல்ல தொடக்கமாகும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலில் பதிவு அல்லது உரிமம் பெற வேண்டும். சீட்டில் செய்த தேதி, சேர்ந்த பொருள்கள், குளிரில் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவை இருத்தல் வேண்டும். பயிற்சி பெற விரும்புவோர் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையோ அணுகலாம். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளது.

வரவு செலவையும் முன்னதாகவே கணக்கிட வேண்டும். தோலும் வேரும் போக வெங்காயத்தின் எடை குறையும். விலை சரிந்த நாட்களில் வெங்காயத்தைவிடக் காடிக்கே அதிகம் செலவாகலாம். புட்டியின் விலை, தோலுரிக்கும் கூலி, குளிர்ப்பெட்டியின் மின்கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்த பின்னரே விலை நிர்ணயிக்க வேண்டும். வாங்குபவரை உறுதி செய்துகொள்ளாமல் நூறு புட்டி நிரப்புவது விவேகமன்று.

பஞ்சாயத்தின் பங்கு

வண்டி வண்டியாக வந்து குவியும் வெங்காயத்தின் விலைச்சரிவை ஊறல் புட்டிகள் தடுத்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். அதற்கு நல்ல பட்டறைகளும், நடவுக் காலத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒற்றுமையும், கூட்டு விற்பனையுமே மருந்து. ஆனால் விலை போகாமல் களத்திலேயே கிடக்கும் சிறு காய்களில் ஒரு பகுதியேனும் பணமாகவும் உணவாகவும் மாறினால், அது அக்குடும்பத்திற்குத் தெளிந்த ஆதாயமே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வகையில் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. சுத்தமான குடிநீரும் காற்றோட்டமும் உள்ள பொதுக் கட்டிடம் ஒன்றை வாரத்தில் ஒரு நாள் மகளிர் குழுவினருக்கு ஒதுக்கித் தரலாம். நம்பகமான உஷ்ணமானி ஒன்றும், பி.எச். அளக்கும் கருவி ஒன்றும் பொதுவில் வாங்கி வைக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் செய்முறை விளக்கத்திற்கு ஏற்பாடு செய்யலாம். செலவு சிறிதே. அளந்து செய்யும் பழக்கம் ஊரில் ஒருமுறை வேரூன்றிவிட்டால் வெங்காயத்தோடு நில்லாது, மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் நெல்லிக்கும் அது பயன்படும். வரும் அறுவடையின்போது ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு புட்டிகளேனும் செய்து பார்க்க வேண்டுகிறோம்.