படகு ரெண்டு மாசம் நிக்கும், இ.எம்.ஐ. நிக்காது: கடலோரத்தில் வண்டிகள் ‘சீஸ்’ ஆவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாள்களாக இருந்தது, 2017 முதல் 61 நாள்கள் ஆகிவிட்டது. இந்த நாள்களில் படகு உரிமையாளருக்கு மட்டுமல்ல, படகில் கூலிக்குப் போகிறவருக்கு, ஐஸ் உடைக்கிறவருக்கு, மீன் வண்டி ஓட்டுகிறவருக்கு, கூடையில் மீன் வாங்கி விற்கிற பெண்களுக்கு என எல்லோருக்கும் வருமானம் சுருங்கிவிடும்.

ஆனா, மாசம் 5-ம் தேதி வந்தா ‘உங்கள் தவணை நிலுவையில் உள்ளது’ங்கிற மெசேஜ் மட்டும் தவறாம வந்துடும். அந்த மெசேஜுக்கும், சில மாதங்கள் கழித்து நடுரோட்டில் யாரோ வந்து பைக் சாவியைக் கேட்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? நாகப்பட்டினம் கடலோரத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

வண்டி இல்லாட்டி என்ன ஆகும்?

நாகை மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டியே ஊர்கள். வேலையோ ஒரே இடத்தில் இருக்காது. நாகூர், நாகையில் இருந்து வடக்கே காரைக்காலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தெற்கே வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. ஆட்டோ, வேன், லாட்ஜ், கடை எல்லாவற்றுக்கும் அதுதான் சீசன். இன்னும் தெற்கே வேதாரண்யத்தில் உப்பளம். மழை தொடங்கினால் அங்கே வேலை நின்றுவிடும். அதே மழைக்காலத்தில் கோடியக்கரையில் மீன்பிடி சீசன் ஆரம்பிக்கும், வெளியூர் மீனவர்களும் அங்கே வந்து தங்கித் தொழில் செய்வார்கள்.

அதாவது வருமானம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆளும் அதைத் துரத்திப் போக வேண்டும். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போக அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. அதனால் பைக் இங்கே ஆடம்பரம் இல்லை, தொழில் சாமான். மீன் ஏற்றிப் போகிற ‘குட்டியானை’ விஷயமும் அதேதான். அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் மீன் எடுத்து, உள்ளே திருவாரூர் பக்கம் கொண்டுபோய் விற்கிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போவார்கள். அந்த ஒரு வண்டியைத் தூக்கிட்டா, கடன் வாங்கினவர் ஒருத்தர், வியாபாரம் நிக்கிறது அஞ்சு பேருக்கு.

மூணு டியூ சேருவது எப்படி?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பைக் லோனுக்கு மாதத் தவணை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டிய தேதி 5. கடன் வாங்கியவர் விசைப்படகில் தொழிலாளி.

ஏப்ரல் 5-ம் தேதி தவணையைக் கட்டிவிட்டார். 15-ம் தேதி தடை தொடங்குகிறது. மே 5, ஜூன் 5 ஆகிய இரண்டு தவணைகள் தவறுகின்றன. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு தவணைக்குச் சரியாகப் போய்விடும், ஆனால் வீட்டில் அடுப்பு எரியணுமே! நிவாரணம் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போகிறது, டியூ நிற்கிறது.

ஜூன் 14 முடிந்து படகு கிளம்புகிறது. படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் வருவது. ஜூலையில் இருந்து அவர் மாதம் ஒரு தவணை ஒழுங்காகக் கட்டுகிறார். ‘நான்தான் மாசாமாசம் கட்டுறேனே’ என்று நினைப்பார். கம்பெனி கணக்கில் அப்படி இல்லை. ஜூலையில் கட்டியது மே மாத பாக்கிக்கும், ஆகஸ்ட்டில் கட்டியது ஜூன் பாக்கிக்கும் வரவு வைக்கப்படும். அவர் எப்போதும் இரண்டு தவணை பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். செக் அல்லது ஆட்டோ டெபிட் திரும்பியதற்கான கட்டணம் தனி.

அடுத்து அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதம் ஒரே ஒரு தவணை தவறினால் போதும். ஆகஸ்ட் 5-ம் தேதி பாக்கி அப்படியே நிற்கும், நவம்பர் 3-ம் தேதியோடு 90 நாள் ஆகிவிடும்.

ஏன் 90 நாள்? ஒரு தவணை 90 நாள்களுக்கு மேல் கட்டப்படாமல் இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கு ‘வாராக் கடன்’. ஒருமுறை அந்தப் பட்டியலில் விழுந்தால், மொத்த பாக்கியையும் கட்டினால்தான் வெளியே வர முடியும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. வாராக் கடனுக்கு நிறுவனம் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அதனால் 90-ஐ நெருங்கும்போதே நெருக்கடி ஏறும்.

ஒன்றைக் கவனிக்கணும். இந்த 90 நாள் என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கான எல்லை. ‘90 நாள் வரைக்கும் வண்டியைத் தொட மாட்டாங்க’ என்று எந்த விதியும் இல்லை. எப்போது எடுக்கலாம் என்பதை நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் சொல்லும்.

‘சீஸிங்’ வேலை எப்படி நடக்குது?

பொதுவாக, கடன் கொடுத்த நிறுவனம் நேரடியாக வண்டியைத் தேடி வராது. முதலில் போன் செய்யும் கலெக்‌ஷன் டீம், பிறகு வீட்டுக்கு வரும் வசூல் ஆள். அவர்களால் முடியாதபோது வேலை ஒரு ஏஜென்சிக்குப் போகும். ஏஜென்சிக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களைத்தான் ஊரில் ‘சீஸர்’ என்கிறார்கள்.

இவர்களின் முக்கியக் கருவி செல்போன். பல நிறுவனங்களின் நிலுவைப் பட்டியல் ஒரே செயலியில் இருக்கும். நம்பர் பிளேட்டின் கடைசி நாலு எண்ணைத் தட்டினால், அந்த வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று காட்டிவிடும். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் நின்று பார்ப்பதுதான். பெட்ரோல் பங்க், டோல்கேட், டீக்கடை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டூவீலர் ஸ்டாண்டு. தினமும் வண்டியை ஸ்டாண்டில் விட்டுட்டு பஸ், ரயில் ஏறி வேலைக்குப் போறவங்க வண்டி எங்கே, எத்தனை மணிக்கு இருக்கும் என்பது ரெண்டே நாளில் தெரிந்துவிடும்.

மீனவ கிராமத்துக்குள் போய் வண்டி எடுப்பது கஷ்டம். தெரியாத முகம் தெருவுக்குள் நுழைந்தாலே ஆள் கூடிவிடும், விஷயம் ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும். அதனால் ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டில்தான் பெரும்பாலும் நிறுத்துவார்கள். ‘அண்ணே, டியூ பாக்கி இருக்கு, ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போங்க’ என்று மரியாதையாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். வண்டி கைக்கு வந்ததும் ‘யார்டு’க்குப் போகும். வண்டி எடுக்கும் முன்பும் எடுத்த பிறகும் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கடிதம் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். வண்டி காணோம் என்று புகார் வந்தால், திருட்டு இல்லை என்று காட்ட அதுதான் ஆதாரம்.

சீஸர்களில் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. எடுத்துக் கொடுக்கிற வண்டிக்குத்தான் காசு. பைக்குக்கு ஒரு ரேட், காருக்கு ஒரு ரேட். வண்டி சிக்காத நாளில் பெட்ரோல் செலவும் கைக்காசு. ஒரு வண்டி கிடைத்தால்தான் அன்றைய வருமானம் என்கிற நிலையில், அவசரமும் மிரட்டலும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அடி வாங்குவதும் அவர்கள்தான், கேஸ் வந்தால் முதலில் மாட்டுவதும் அவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்.சி. புக்கில் உங்கள் பெயர் இருந்தாலும், கடன் முடியும் வரை நிறுவனத்தின் பெயரும் ‘ஹெச்.பி.’ என்று பதிவாகியிருக்கும். தவணை தவறினால் வண்டியை எடுக்கும் உரிமையை ஒப்பந்தம் அவர்களுக்குத் தருகிறது. ‘ஹயர் பர்ச்சேஸ்’ ஒப்பந்தப்படி நிறுவனம் வண்டியை எடுப்பது குற்றமாகாது என்று 2001-ல் சரண்ஜித் சிங் சத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. புகார் கொடுக்கப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்று போலீஸ் சொல்வதற்கு இதுதான் பின்னணி.

ஆனா எடுக்கிற உரிமை வேற, அடிச்சுப் பிடுங்கிற உரிமை வேற. 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி - பிரகாஷ் கவுர் வழக்கில், அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. சட்டப்படியான வழியில்தான் கடனை வசூலிக்க வேண்டும் என்றது. 2011-ல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கிலும் இதையே உறுதி செய்தது. 2020-ல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று இருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் இன்னும் தெளிவு. எத்தனை நாள் முன்பு நோட்டீஸ், எப்போது நோட்டீஸ் தேவையில்லை, வண்டியை எடுக்கும் முறை என்ன, ஏலத்துக்கு முன் கடைசி வாய்ப்பு எப்படி, வண்டியைத் திருப்பித் தரும் முறை, ஏல முறை ஆகிய எல்லாமே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்த நகலைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு, அவரை நியமித்த நிறுவனமே பொறுப்பு.

வண்டி போன பிறகு?

வண்டியோடு கடனும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. ஏலத்தில் கிடைத்த தொகை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால், மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கடலோர வண்டிக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதும் கஷ்டம். பாக்கி போக மிச்சம் வந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டும். கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும், அடுத்த கடன் கந்துவட்டிக்குத் தள்ளும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மார்ச் மாதமே கடன் கொடுத்த கிளைக்குப் போய், தடைக்காலத் தவணையைத் தள்ளிவைக்கவோ பிரித்துக் கட்டவோ எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஒப்புதல் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

• வண்டியை நிறுத்தினால் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். நிறுவனத்தின் கிளைக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். சீஸர் என்று சொல்லிக்கொண்டு வண்டியைத் திருடுகிறவர்களும் உண்டு.

• ‘நானே விரும்பி வண்டியை ஒப்படைக்கிறேன்’ என்ற தாளைப் படிக்காமல், வெற்றுத் தாளாகவோ கையெழுத்துப் போடாதீர்கள். பின்னாளில் அதுதான் உங்களுக்கு எதிரான முதல் ஆவணம்.

• வண்டி எடுக்கப்பட்டால், அதன் நிலையையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுங்கள். வண்டியில் இருக்கும் உங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு, பட்டியல் எழுதி வாங்குங்கள்.

• நம்பர் பிளேட்டை மாற்றுவது, வண்டியை வேறு ஒருவருக்குக் கைமாற்றுவது இரண்டும் வேண்டாம். கடன் பிரச்னை கிரிமினல் வழக்காக மாறிவிடும்.

• மிரட்டல், அடிதடி என்றால் உடனே போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மற்ற குறைகளுக்கு முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாள்களில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448.

• கடன் முடிந்ததும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘ஹெச்.பி.’யை நீக்கிவிடுங்கள்.

டிராக்டருக்கு முடியும்னா, பைக்குக்கு ஏன் முடியாது?

விவசாயி வாங்கும் பயிர்க்கடனுக்கு 90 நாள் கணக்கே கிடையாது. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பயிர்ப் பருவம் தாண்டியும் கட்டாமல் இருந்தால்தான் வாராக் கடன். டிராக்டர் கடனில் அறுவடைக்கு ஏற்ற மாதிரி அரையாண்டுத் தவணை வைப்பதும் சாதாரணம். கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கியே அனுமதித்தது. வருமானம் வராத மாதத்தில் தவணை கேட்காமல் இருக்க, நிதித்துறைக்கு வழி தெரியாமல் இல்லை.

புயல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மீன்பிடித் தடைக்காலம் அப்படி இல்லை, தேதி குறித்து அரசே அறிவிக்கிறது. கடன் கொடுக்கும் நாளிலேயே நிறுவனத்துக்கும் அது தெரியும். வருடத்துக்கு 12 தவணைக்குப் பதிலாக, கொஞ்சம் கூடுதல் தொகையில் 10 தவணை என்று போட்டு மே, ஜூனை விட்டுவிட்டால் நிறுவனத்துக்கும் பணம் வந்து சேரும், சீஸர் செலவும் மிச்சம். பைக், குட்டியானை லோன் ஃபார்மில் ‘தொழில்: மீன்பிடி’ என்று எழுதி வாங்குகிறவர்கள், தவணைத் தேதி போடும்போதும் அந்த வரியைப் படிக்கலாமே.