பலூன் கொட்டகையும் லட்ச ரூபாய்ப் பங்கும்

2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் ஒரு பங்கு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான். பெருஞ்செல்வம் கிடைக்கும் என்றால்தான் புதியன பிறக்கும் என்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டலாம். அவர்கள் அந்த நிறுவனம் பிறந்த, சென்னையை ஒட்டிய திருவொற்றியூரின் கதையை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பிள்ளை. 1938இல் குடும்பத்துக்குப் பங்கிருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தபோது குடும்பச் சொத்தும் போயிற்று. தந்தை சிறை சென்றார். மகன் பலூன் பையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினார். அவரை ஓட்டியது பிழைப்பு.

பட்டன் தேய்ந்த டயருக்கு மறுபடி பட்டன் போட உதவும் ட்ரெட் ரப்பரை அப்போது அயல்நாட்டு நிறுவனம் விற்றுவந்தது. உறவினர் ஒருவரின் பட்டறைக்கும் அதுதான் வந்தது. அதை நாமே செய்தால் என்ன என்று 1952இல் இறங்கினார். ஒட்டிய ரப்பர் பாதி வழியில் பிய்ந்தால் லாரி நடுரோட்டில் நிற்கும். ஓட்டுநர் அடுத்தமுறை வாங்க மாட்டார். தரத்துக்கு அதைவிடக் கண்டிப்பான பரீட்சை இல்லை. 1956க்குள் இந்திய ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கைக்கு வந்துவிட்டது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத் தொழில்நுட்பத்தோடு டயர். 1963இல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு நேரு அடிக்கல்.

பண ஆசைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொழில் செய்பவர் லாபம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் புதியது படைக்கக் கோடிகளின் கனவு தேவையில்லை. அமெரிக்காவின் 1948 முதல் 2001 வரையான கணக்கை ஆராய்ந்த பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ், புதுமையால் விளையும் மொத்தப் பயனில் சுமார் 2.2 விழுக்காடுதான் அதைக் கொண்டுவந்தவர்களுக்குச் சேர்கிறது என்று 2004இல் எழுதினார். மீதியில் பெரும்பகுதி வாங்குபவர்களுக்கே.

கோடிக் கனவு இல்லாமலும் புதுமை பிறக்கும் என்பதற்கு இதே கரையில் இன்னும் பழைய சான்று மசுலா படகு. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தது அதுதான். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அதை முதலில் செய்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்று எண்ணூரிலோ ராயபுரத்திலோ புதிதாகப் பட்டறை போடுபவரை முடக்குவது பெருஞ்செல்வக் கனவு இல்லாதது அல்ல; பெரிய நிறுவனங்கள் இழுத்தடிக்கும் பில் பணம். அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும் என்கிறது சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். பெருமுதலாளிகளுக்கான அடுத்த வரிச்சலுகையைப் பற்றிப் பேசுமுன், அரசு அந்தச் சட்டத்தைக் கறாராகச் செயல்படுத்தட்டும்.