மாத்திரையை மறக்காதிருக்க ஒரு விளையாட்டு
எச்.ஐ.வி. தடுப்பில் கைகொடுக்குமா செல்போன்?

புது தில்லி: செல்போன் திரையில் கிரிக்கெட் மட்டையுடன் நிற்கிறார் ஒரு வீரர். வரும் பந்துகளில் சில பாதுகாப்பானவை, சில ஆபத்தானவை. எதை அடிப்பது, எதை விடுவது என்று அறிந்தவருக்கே ஓட்டங்கள் சேரும். 2005-ம் ஆண்டு உலக எய்ட்ஸ் தினத்தன்று தில்லியைச் சேர்ந்த இசட்எம்கியூ மென்பொருள் நிறுவனம் அறிமுகப்படுத்திய நான்கு செல்போன் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. பின்னர் இம்முயற்சி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் விரிவடைந்தது.

அன்றைய நோக்கம் விழிப்புணர்வு மட்டுமே. எச்.ஐ.வி. எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதை, வீட்டிலும் பள்ளியிலும் பேசத் தயங்கிய காலத்தில், இளைஞர்களின் கைக்குக் கொண்டு சேர்த்தன இந்த விளையாட்டுகள். தொற்று வருமுன் காக்கும் மாத்திரை என்று எதுவும் அப்போது அங்கீகரிக்கப்பட்டிருக்கவில்லை.

அந்நிலை 2012-ல் மாறியது. டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபைன் ஆகிய மருந்துகள் அடங்கிய மாத்திரையைத் தொற்று இல்லாதவர்கள் தடுப்பு மருந்தாக உட்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. தொற்று அபாயம் மிகுந்தோர் அனைவருக்கும் இத்தகைய தடுப்பு மருந்தை அளிக்கலாம் என 2015-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. "பிரெப்' என்று இம்முறை அழைக்கப்படுகிறது.

தவறாமல் உட்கொண்டால் மட்டுமே...

மருந்தின் ஆற்றலில் குறையில்லை, உட்கொள்வதில்தான் சிக்கல். ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வில், தொற்று அபாயம் சராசரியாக 44 சதவீதமே குறைந்தது. ஆனால், ரத்தத்தில் மருந்து காணப்பட்டவர்களிடம் அது 92 சதவீதம் குறைந்திருந்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. அதில் மாத்திரை பெற்றவர்களிடம் எடுத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து இருந்தது. மாத்திரையால் எவ்விதப் பாதுகாப்பும் கிட்டவில்லை. மணமாகாத இளம்பெண்களே மருந்தை மிகக் குறைவாக உட்கொண்டவர்கள்.

நோயற்ற ஒருவர் நாள்தோறும் மாத்திரை விழுங்குவது எளிதன்று. மேலும், இதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுகின்றன. மாத்திரைக் குப்பியைப் பார்க்கும் உறவினரோ, அறைத் தோழரோ என்ன நினைப்பார் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது.

இங்குதான் விளையாட்டு மீண்டும் நுழைகிறது. அமெரிக்காவில் உருவான "பேட்டில் வைரோ' என்ற விளையாட்டில், உடலுக்குள் புகும் வைரஸை எதிர்த்துப் போரிடுகிறார் இளைஞர். மிசிசிப்பி மாநிலத்தில் தொற்றுள்ள 61 இளைஞர்களிடம் இது சோதிக்கப்பட்டது. புதிதாக சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இது உதவியதாக 2018-ல் வெளியான ஆய்வு கூறியது. நெடுநாளாக மருந்து உட்கொண்டு வந்தவர்களிடம் அத்தகைய பலன் தென்படவில்லை. தடுப்பு மாத்திரைக்கெனவும் அதே வகையில் "வைரல் காம்பாட்' என்ற விளையாட்டு பின்னர் உருவாக்கப்பட்டது. சிறிய ஆய்வுகள்தான் என்றாலும், மாத்திரைப் பழக்கம் வேரூன்றும் தொடக்க நாள்களுக்கு இது துணையாகலாம் என்ற நம்பிக்கையை அவை அளித்துள்ளன.

கொல்கத்தா, மைசூர் காட்டிய வழி

இந்தியாவின் அனுபவம் வேறொன்றையும் உணர்த்துகிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி, மைசூரில் அசோதயா சமிதி ஆகிய பாலியல் தொழிலாளர் அமைப்புகள் 1,300-க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தடுப்பு மாத்திரை வழங்கும் முன்னோடித் திட்டங்களை நடத்தின. இறுதிவரை தொடர்ந்தவர்களே மிகப் பெரும்பான்மையினர். புதிதாக ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. அங்கு நினைவூட்டியது செல்போன் விளையாட்டு அல்ல. அதே தொழிலில் உள்ள சக பெண்கள்.

1986-ல் சென்னையில் முதல் தொற்று கண்டறியப்பட்ட இந்நாட்டில் இன்று 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுவதாக 2023-ம் ஆண்டுக்கான மதிப்பீடு தெரிவிக்கிறது. தடுப்பு மாத்திரைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. நெறிமுறை மட்டும் போதாது; தேவைப்படும் இளைஞர், கேள்விக் கணைகளுக்கு ஆளாகாமல் மாத்திரையைப் பெற வேண்டும்.

செல்போனில் பதிவாகும் தகவல் யாரிடம் போய்ச் சேரும் என்பதும் முக்கியமான கேள்வி. எச்.ஐ.வி. தொடர்பான தகவல்களின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். ஆனால், ஒரே செல்போனைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். அங்கு நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தியே ஒருவரைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடும்.

ஆண்டுக்கு இரு முறை ஊசியாகச் செலுத்தப்படும் லெனகாபவிர் மருந்துக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதன் பொதுப்பெயர் வடிவத்தை ஆண்டுக்கு சுமார் 40 டாலர் விலையில் 2027 முதல் பல நாடுகளுக்கு வழங்க இந்திய நிறுவனங்கள் முன்வந்துள்ளதாக அதே ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் மாத்திரையை நினைவில் கொள்ளும் சுமை இதனால் குறையும். ஆயினும், ஆறு மாதங்களுக்குப் பின் அந்த இளைஞர் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். முதல் முறை அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைப் பொறுத்தே அவரது வருகை அமையும்.