அனல் மின் நிலையம்: அனுமதிக்கு முன்னும் பின்னும்

அனல் மின் நிலையம் கட்ட நிலமும் நிலக்கரியும் இருந்தால் போதாது. சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். 2006 செப்டம்பர் 14-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. நிலக்கரியில் ஓடும் நிலையம் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் கோப்பு டெல்லிக்குப் போகும். அதற்குக் கீழே என்றால் பொதுவாக மாநில ஆணையமே முடிவெடுக்கும்.

இந்த நடைமுறையில் ஊர்க்காரர்கள் நேருக்கு நேர் பேசக்கூடிய இடம் கருத்துக் கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்பார். பேசுவது அத்தனையும் வீடியோவில் பதிவாக வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும். சுருக்கத்துக்கு மட்டும்தான் இந்த விதி. பல நூறு பக்க மூல அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலே போதும். மீன்பிடிப்பவரிடம் ஆங்கில அட்டவணையை நீட்டி ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்பது என்ன நியாயமோ! இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஊரே எதிர்த்தாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஆட்சேபங்களுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்ல வேண்டும், அதை வல்லுநர் குழு பரிசீலிக்கும்.

அனுமதிக் கடிதத்தோடு நிபந்தனைகளும் வரும். அவற்றைக் கடைப்பிடிப்பதாக நிறுவனமே ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தரும். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போலத்தான். எண்ணூரைப் பாருங்கள். எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து, இறாலும் நண்டும் பிடித்துவந்த கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

புகை விஷயத்தில் விதியே தளர்ந்தது. 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்து, இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவும் கருவியைப் பொருத்த வேண்டும், செலவு அதிகம். கெடு மேல் கெடு தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதுமாம். தலைநகர்ப் பகுதியிலிருந்தோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் 2027 இறுதிவரை கெடு.

நிறுவனங்கள் தரும் அரையாண்டு அறிக்கைகள் பொது ஆவணங்கள். அருகில் வசிப்பவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.