தட்டில் இல்லாத புத்தகம்

வன்னியில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றின் பாடசாலை நூலகத்தில் இன்று இரண்டு அலுமாரிகள் இருக்கின்றன. 2009 இற்கு முன்னர் ஏழு இருந்தனவாம். மிகுதி ஐந்தும் எங்கே போயின என்று எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விவசாய நூல் என்றால் 630, தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்று டூயி பகுப்பு இலக்கங்களைப் பாராமலே சொல்வார். ஆனால் பாடசாலைக்குக் கிடைத்த கணனியை மட்டும் நீண்ட காலம் துணி போர்த்தியே வைத்திருந்தார்.

அத்துணியை எடுக்க வைத்தவர் ஒரு கமக்காரர். “ரீச்சர், மழைக்குக் கொட்டில் ஒழுகி மகளின்ர விஞ்ஞானப் புத்தகம் நனைஞ்சு போச்சு. இந்த முறை ஓ.எல். எடுக்கிறாள். ஒரு புத்தகம் தர ஏலுமே?” என்று வந்து நின்றார். அலுமாரியில் அந்நூல் இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழிலும் தன் இணையத்தளத்தில் வைத்திருப்பதையும், எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் இளம் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் அவர் அறிந்தார். “நூலகர் எண்டு பெயர், எனக்கே தெரியேல்லையே” என்று அன்று வெட்கப்பட்டாராம்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியே அவருக்கு ஆசிரியையானாள். முதற் கிழமை சுட்டியைப் பிடிக்கக் கை நடுங்கியது. பின்னர் பாடநூலை இறக்கி, சிறு பென் டிரைவில் போட்டு, வேண்டிய அத்தியாயங்களை அச்செடுக்கப் பழகினார். பாடசாலையில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே பட்டணத்துக்குப் போகும் நாட்களில் இறக்கி வருவார். பிள்ளைகள் வீட்டுக் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து பிரதி செய்கிறார்கள். அதற்கு டேட்டாக் காசு தேவையில்லை.

அடுத்த பாடம் கசப்பானது. நூலகத்தின் நூற்பட்டியலை மாதக்கணக்காகத் தட்டச்சுச் செய்து இன்னொரு பாடசாலைக்கு அனுப்பினார். அவர்களின் தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரிந்தது. காரணம் பாமினி எழுத்துரு. எமது நாட்டில் கலியாணக் கார்ட் முதல் கோவில் நோட்டீஸ் வரை அதில்தான் அடித்தோம். உண்மையில் அது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது. போர்வையில்லாத இயந்திரத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இணையத் தேடலிலும் அகப்படாது. யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கெனச் சொந்த இலக்கங்கள் உண்டு. பழையதை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் பட்டியலையும் மாற்றிய பின்னர், எங்காவது ஓர் எழுத்துப் பிழைத்திருக்குமோ என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய நூலகரின் குணம் அது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை மறவாதவர்கள் 2005 இல் தொண்டர்களாகத் தொடங்கியதே ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம். ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் அங்கே பக்கம் பக்கமாக உள்ளன. விக்கிப்பீடியா இயங்கும் அதே விக்கி மென்பொருளில் அது இயங்குகிறது. விக்கியில் ஒருவர் செய்த திருத்தம் பிழையென்றால் பழைய வடிவத்தை மீட்டுக்கொள்ளலாம், எதுவும் தொலைவதில்லை. பயந்து பயந்து கணனியைத் தொட்ட ஆசிரியைக்கு இதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தச் செய்தி பரவியதும் சிலர் காணிப் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், “இதையும் இன்ரநெற்றில போட்டு வையுங்கோ” என்று. ஆசிரியை உறுதியாக மறுத்துவிட்டார். சரியாகவே செய்தார். உறுதி, பேர்மிட், அடையாள அட்டை ஆகியவை ஊர் பார்க்கும் இடத்தில் வைக்கத்தக்கவையல்ல. படம் பிடித்து உங்களிடமும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வைத்திருங்கள். மூலப்பிரதி தொலைந்திருந்தால், பதிவு செய்த உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற பேர்மிட் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தொலைபேசியிலுள்ள படம் இவற்றுக்கு ஈடாகாது. ஆனால் இலக்கத்தையும் திகதியையும் சொல்ல உதவும். இடம்பெயர்ந்த எத்தனை குடும்பங்கள் அந்த இலக்கம் தெரியாமலே அலைந்திருக்கின்றன!

மலர்கள் வேறு விடயம். முதியவர் ஒருவரிடம் தம் பழைய ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலர் ஒன்று உண்டு. ஒவ்வோர் இடப்பெயர்விலும் உடுப்புப் பைக்குள் வைத்துக் காத்தது. இன்று அப்பாடசாலைக் கட்டடம் இல்லை, வயற்காணி பற்றைக்காடு. மலரின் நடுப்பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் இருக்கிறது. கையால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

“ஐயா, புத்தகம் உங்களிட்டையே இருக்கட்டும். நான் வீட்ட வந்து உங்களுக்கு முன்னாலயே படம் பிடிக்கிறன்” என்றார் ஆசிரியை.

முதியவர் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். வருகிற சனிக்கிழமை அந்த மாணவியையும் கூட்டிக்கொண்டு போகிறார். வெயில் ஏறுமுன் விறாந்தை வெளிச்சத்தில் பிடித்தால்தான் எழுத்துத் தெளிவாக விழும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.