உங்களுக்குத் தெரியுமா? கொட்டித் தீர்க்கும் ஒரு சொல்

வியர்த்துக் கொட்டுகிறது. ரத்தம் நிற்காமல் போகிறது. வந்தவர் மன்னிப்பு மேல் மன்னிப்பு கேட்கிறார். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும்: ‘புரொஃபியூஸ்’. டாக்டர் ‘புரொஃபியூஸ் ஸ்வெட்டிங்’ என்று எழுதினால், நெற்றியில் நாலு துளி என்று அர்த்தமல்ல. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கொடியில் மல்லி பூத்துக் குலுங்கினால் ‘இன் புரொஃபியூஷன்’.

*

லத்தீனில் ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுவது. ‘ப்ரோ’ முன்னோக்கி. இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் லத்தீனில் ஊதாரியையும் குறித்தது. ஆங்கிலத்திலும் அந்த வசை கொஞ்ச காலம் ஓடியது. இப்போது அநேகமாகத் தேய்ந்துவிட்டது. ஊதாரிகள் தேயவில்லை.

*

‘ரீஃபண்ட்’ இதே வீட்டுப் பிள்ளைதான். வாங்கியதைத் திருப்பி ஊற்றுவது! ‘கன்ஃபியூஷன்’, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியது. ரத்தம் ஏற்றும் ‘டிரான்ஸ்ஃபியூஷன்’, ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது. 1667இல் பாரிஸில் ஜான் பாப்டிஸ்ட் தெனி ஒரு சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தையே ஏற்றினார். பையன் பிழைத்தது அதிர்ஷ்டம். ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்து வெளியிட 1901 ஆகிவிட்டது.

*

உலோகத்தை உருக்கி ஊற்றுகிற இடம் ‘ஃபவுண்டரி’. கம்ப்யூட்டரில் நாம் மாற்றி மாற்றிப் பார்க்கும் ‘ஃபாண்ட்’டும் அங்கிருந்து வந்ததுதான், ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிய எழுத்துத் தொகுதிக்கு வைத்த பெயர். தமிழும் இதே வழியில் நடந்திருப்பதுதான் வேடிக்கை. தண்ணீர் வார்க்கிறோம், தோசை வார்க்கிறோம், இரும்பையும் வார்க்கிறோம். ஃபவுண்டரிக்கு நம் பெயர் வார்ப்பட ஆலை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் தமிழ் எழுத்துகளும் வார்த்தவையே.

*

‘எஃப்யூசிவ்’ என்பது ‘புரொஃபியூஸ்’ அல்ல. முன்னது பெரும்பாலும் உணர்ச்சிக்கு. பார்த்ததும் கட்டிப்பிடித்து, அரை மணி நேரம் புகழ்ந்து தள்ளும் சித்தப்பா எஃப்யூசிவ். அவருக்கு வியர்ப்பது புரொஃபியூஸ்.

*

‘புரொஃபவுண்ட்’ உறவுக்காரர்போல் தோன்றும், இல்லை. அது ‘அடி’ என்று பொருள்படும் ‘ஃபுண்டுஸ்’ வழி வந்தது. அதனால்தான் ஆழம்.

*

‘ஃபியூஸ் போயிடுச்சு’ என்கிறோமே, அந்த ஃபியூஸும் ஃபுண்டெரேதான். மின்னோட்டம் மிஞ்சினால் கம்பி உருகி அறுந்துபோகும். தமிழ்ப் பாடநூல் அதற்கு வைத்த பெயரும் மின் உருகி. வெடித்திரியையும் ஃபியூஸ் என்பார்கள். அது வேறு குடும்பம், நூல் நூற்கும் கதிரைக் குறித்த லத்தீன் சொல்லின் வாரிசு.